வாளிச் சத்தம்

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அடுப்பின் மேலிருந்த பீப்பாயிலிருந்து கொதிநீரை மொண்டு வாளிகளை நிரப்பினாள் செலித்தா. புகை கண்ணைக் கரித்தது. லுவாங்வா ஆற்றங்கரையில், காட்டு விலங்குகளைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதியின் பன்னிரண்டு கூடாரங்கள். விருந்தாளிகள் எழும்போது குளிக்க வெந்நீர் தயாராக இருக்க வேண்டும்.

மேய்ந்த நீர்யானைகள் ஆற்றுக்குத் திரும்புகிற நேரமும் அதுதான். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த எவரும் அந்நேரத்தில் அவை விலகிப் போகக் கைதட்டிப் பாடிக்கொண்டுதான் நடப்பார்கள். விடுதி முதலாளி ஹென்ட்ரிக்ஸ் அதைத் தடுத்துவிட்டார். விருந்தாளிகளுக்குக் காட்டின் அமைதி வேண்டுமாம். அவர்களோடு நடக்கத் துப்பாக்கிக் காவலர் உண்டு. வெந்நீர் சுமப்பவர்களுக்கு இல்லை.

செலித்தாவின் கணவன் யோதாமு ஏழாம் கூடாரத்துக்குச் சுமந்து போனான். வாளி உருளும் சத்தமும், ஒரே ஒரு அலறலும் கேட்டன. நீர்யானை கடித்துத் தொடை கிழிந்து கிடந்தவனை நால்வர் தூக்கி வந்தார்கள்.

சிங்கம் பார்க்கக் கிளம்பவிருந்த ஒரே வண்டியின் முன்னால் போய் நின்றாள் செலித்தா.

"புவானா, வண்டியைக் குடுங்க. ரத்தம் நிக்கல" என்று முதலாளியிடம் கெஞ்சினாள்.

"விருந்தாளிங்க ஏறி உக்காந்தாச்சு. மூணு மணி நேரம்தான். இறுக்கிக் கட்டுங்க" என்றார் ஹென்ட்ரிக்ஸ். "அவனும் பாத்துப் போயிருக்கணும்ல?"

சமையல்காரர் லாசலோவுக்குப் பொறுக்கவில்லை. "சத்தம் கொடுத்திருந்தா அது ஒதுங்கிப் போயிருக்கும், புவானா. எங்க வாயக் கட்டினது யாரு?"

"பிடிக்கலன்னா ஊருக்குப் போ. உன் வேலைக்கு நாப்பது பேரு நிக்கிறான்."

வண்டிக்காரன் சக்காரியா தலையைக் குனிந்தபடி வண்டியைக் கிளப்பினான்.

திரும்பி வந்த வண்டியில் யோதாமுவை ஏற்றியபோது அவன் உதடு வெளுத்திருந்தது. செலித்தாவும் ஏறப் போனாள். "துணி துவைக்க யார் இருக்கா?" என்று முதலாளி தடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி நாலு மணி நேரத் தொலைவு. அன்று முழுக்க அவள் யாருடைய போர்வைகளையோ துவைத்தாள். அழக்கூட வரவில்லை.

மறுநாள் விடியலில் வாளியைத் தூக்கினாள். கால் நகரவில்லை.

"நில்லுங்க அக்கா." பின்னால் சக்காரியா நின்றான். இரவோடிரவாகத் திரும்பியிருந்தான். "உசுரோடதான் கொண்டுபோய்ச் சேத்தேன். அதுக்கு மேல தெரியல." கையிலிருந்த வண்டிச் சாவியைப் பார்த்தான். "நேத்து சாவி என் கையிலதானே இருந்துச்சு?"

லாசலோ கரண்டியோடு வந்தார். துணி துவைக்கிற பெண்கள் வந்தார்கள். ஒன்பது பேர்.

லாசலோ வெறும் வாளியில் ஓங்கித் தட்டினார். செலித்தாதான் முதலில் பாடினாள். குரல் உடைந்தது, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூடாரங்களில் விளக்குகள் எரிந்தன.

"நிறுத்துங்க! அத்தனை பேருக்கும் வேலை போயிடும்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார் ஹென்ட்ரிக்ஸ்.

வேலை போகலாம். எல்லோருக்கும் அது தெரியும். யாரும் நிறுத்தவில்லை.

வளைவில் பெரிய கறுப்பு உருவம் ஒன்று பாதையை விட்டு விலகி ஆற்றில் இறங்கியது. செலித்தா அதைப் பார்த்தபடி நின்றாள். நேற்றும் இவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஏழாம் கூடாரத்தில் வாளியை வைத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பினாள். ஒன்பது பேரும் அவளோடு திரும்பினார்கள்.