மேல்வீட்டுக்குப் போகும் குழாய்

கல்முனைக்குடியின் அந்த மாடிக் குடியிருப்பு, சுனாமியில் கடல் வந்து போன பிறகு வீடிழந்தவர்களுக்காகக் கட்டப்பட்டது. குலுக்கலில் கீழ்வீடு றஸாக்குக்கும், அதற்கு நேர்மேல் வீடு அவர் தம்பி அஸ்கிக்கும் விழுந்தபோது, அல்லாஹ்தான் சேர்த்து வைத்தான் என்று இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். றஸாக் வீட்டில் சமைக்கிற குசினியின் சுவருக்குள்ளால் ஏறி மேலே போகும் இரும்புக் குழாய் அது. வருசம் போகப் போக அதற்குள் துரு வளர்ந்தது. மேல்வீட்டில் முதலில் தண்ணீர் மெலிந்தது; பிறகு செம்மண் நிறத்தில் சொட்டியது; கடைசியில் நின்றே போனது. குழாய் வேலைக்காரர் வந்து தட்டிப் பார்த்தார். மேலே பிரிகிற மூட்டு சுவருக்குள் அடைத்துக் கிடக்கிறது, உடைக்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

றஸாக் மகளின் கலியாணத்துக்காக அந்தச் சுவருக்கு அப்போதுதான் புது டைல்ஸ் ஒட்டியிருந்தார்.

"கலியாணம் முடியட்டும் தம்பி," என்றார். "மாப்புள்ள வீட்டாக்கள் வந்து போற நேரம்."

"ஓம் காக்கா. அதுவரைக்கும் நான் கேன்ல ஏத்திக்கிறன்," என்று அண்ணனுக்குச் சொன்னான் அஸ்கி.

அஸ்கி துணிக்கடையில் வேலை செய்தான். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகும், கடை விட்டு வந்த பிறகும் காக்காவின் குழாயில் கேன்களை நிரப்பி மேலே சுமந்தான். கலியாணம் முடிந்தது. புதுமாப்பிள்ளை இருக்கிற வீட்டில் எப்படித் தூசி கிளப்புவது என்று றஸாக் தள்ளிப்போட்டார். பிறகு நோன்பு வந்தது. பிறகு மாரி மழை. மனைவி லைலா இரண்டொரு தரம் நினைவூட்டினாள். செய்வோம் என்றார். அஸ்கி மறுபடி கேட்கவேயில்லை. அவன் கேட்டிருந்தால் அன்றைக்கே உடைத்திருப்பேன் என்று றஸாக் பின்னால் எத்தனையோ பேரிடம் சொன்னார்.

கடை லீவான ஒருநாள், பின்னேரத் தொழுகையான அஸர் நேரம், முன்கதவுக்குக் கீழால் தண்ணீர் உள்ளே வந்தது. குழாய்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து றஸாக் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். படிக்கட்டின் நடுவில் அஸ்கி குப்புறக் கிடந்தான். கவிழ்ந்த கேனிலிருந்து தண்ணீர் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னே எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

மேலே தண்ணீர் இல்லாததால் அஸ்கியின் ஜனாஸாவைக் கீழ்வீட்டில்தான் குளிப்பாட்டினார்கள். றஸாக் தன் கையாலேயே தண்ணீர் வார்த்தார். குழாயைத் திறந்ததும் வாளி சடசடவென்று நிரம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவரால் முடியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அஸ்கியின் மனைவி அப்னா இத்தா இருக்க வேண்டியிருந்தது. புருசன் வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேறாமல், வெளியாண்கள் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது. தண்ணீரில்லாத வீட்டில் அவள் எப்படி இருப்பாள் என்று பெரியவர்கள் கூடிக் கதைத்து, மருதமுனையில் உள்ள அவளுடைய உம்மா வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு சொன்னார்கள். றஸாக் மேலே ஏறிப்போய் அறைத் திரைக்கு வெளியே நின்றார்.

"நாளைக்கே சுவர உடைக்கிறன் அப்னா. போகாத."

திரைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. அதில் கோபம் இருக்கவில்லை.

"நெஞ்சு நோகுதெண்டு அவர் ஒரு மாசமாச் சொன்னவர் மச்சான். ஒங்களுக்கிட்டச் சொல்ல வேணாமெண்டும் சொன்னவர். காக்கா மனசு கஸ்டப்படுவாராம்."

அன்று பின்னேரம் அவளை வேனில் கூட்டிப்போனார்கள்.

மறுநாள் றஸாக் வேலைக்காரரைக் கூப்பிடவில்லை. தானே சுத்தியலை எடுத்து டைல்ஸை உடைத்தார். கை கிழிந்து இரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. லைலா மருமகனைப் பிடித்து அனுப்பிக் கடைசியில் குழாய்க்காரரைக் கொண்டுவந்தாள். புதுக் குழாய் பொருத்தியதும் றஸாக் மேல்வீட்டுக்குப் போய்க் குசினிக் குழாயைத் திறந்தார். முதலில் காற்று வந்தது, பிறகு கலங்கல், பிறகு நல்ல தண்ணீர்.

தண்ணீரை ஓடவிட்டபடியே அப்னாவின் உம்மாவுக்குப் போன் எடுத்து, தண்ணி வந்திட்டு, இத்தா முடிய மகளைக் கூட்டி வாங்க என்றார்.

"அந்தப் படியால அவளுக்கு இனி ஏறேலா வாப்பா," என்றாள் அந்த மனுசி. "வாடகைக்கு ஆரும் கேட்டாக் குடுங்க."

ஓம் என்று சொல்லிப் போனை வைத்தார். குழாயை இறுக்கிப் பூட்டினார். அஸ்கி விழுந்து கிடந்த இடம்வரை, பாதிப் படி இறங்கினார். அங்கேயே உட்கார்ந்து, தம்பி செத்த நாளிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதார். அந்த வழியால் வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போகாமல் கீழேயே நின்றார்கள்.