ஐந்தருவியில் பதிந்த ஃபார்ம்

சீசனில் குற்றாலத்தில் தொலைந்துபோகிறவர்களைத் தேட, எங்கள் தொண்டர் குழுவுக்கு வெப்சைட் செய்துகொடுத்த மகானுபாவன் நான்தான், குத்துக்கல்வலசை வல்லிநாயகம். 'குற்றாலம்' என்று ஒரு முகப்புப் பக்கம். அதற்குள் அருவிக்கு ஒரு உட்பக்கம். ஏதாவது ஒரு அருவியில் ஃபார்ம் நிரப்பினால் ஒவ்வொரு அருவியிலும் நாங்கள் போட்டிருக்கும் பந்தல்கள் எல்லாவற்றுக்கும் தெரியவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிப் பந்தலில் நான் இருந்தேன். கடையத்திலிருந்து வேனில் வந்த முப்பிடாதி அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மகன் அபியைக் காணவில்லை, நான்கு வயது. ஃபார்ம் நிரப்பி இரண்டு மணி நேரமாயிற்று.

"பதிஞ்சாச்சுன்னு சொன்னீயளே தம்பி, ஒரு பயலும் கூப்பிடலயே!"

லேப்டாப்பைத் திறந்தேன். ஐந்தருவிப் பக்கம் காலி. பழைய குற்றாலமும் காலி. இந்தச் சீசன் கூட்டத்தில் ஒருவர்கூடவா தொலையவில்லை? நான் எழுதிய கோடிங்கைத் திறந்து பார்த்தேன்.

உட்பக்கத்து ஃபார்ம் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று நான் எழுதவே இல்லை. முகவரி இல்லாததால் எல்லாம் முகப்புப் பக்கத்துக்குப் போய், அருவியின் பெயர் இல்லாமல் விழுந்திருந்தது. முகப்பை எந்தப் பந்தலும் பார்ப்பதில்லை. வீட்டில் சோதித்தபோது பச்சை டிக் வந்தது. அதோடு எழுந்து டீ குடிக்கப் போன மடையன் நான்.

முகப்பைத் திறந்தேன். பதினான்கு பதிவுகள். ஒன்று: 'பையன், பெயர் அபி, வேறு வேனில் ஏறி வந்துவிட்டான், பழைய குற்றாலம் பந்தலில் இருக்கிறான்.' ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே பதிந்தது. அந்தப் பந்தலுக்குப் போன் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். மகன் குரலைக் கேட்டதும் அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"மத்தவங்க பிள்ளையளயும் பாருங்க தம்பி."

மேலேயிருந்து தொடங்கினேன். முதல் பதிவு காலை ஏழு மணி. 'மாரிச்செல்வி, வாய் பேச வராது, பேரருவியில் காணவில்லை.' பதிந்தவர் அண்ணன் சுடலைமணி. கிடைத்ததாக எந்தப் பதிவும் இல்லை. இப்போது மதியம் மணி ஒன்று.

பதிவில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். சுடலைமணி ஒரே ரிங்கில் எடுத்தார்.

"தம்பி, கெடச்சிட்டாளா? நீங்க எல்லா அருவியிலயும் தேடுதியன்னுதான் நான் இந்தப் பந்தல விட்டு அசையாம நிக்கேன்."

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"அண்ணாச்சி, இதுவரைக்கும் யாருமே தேடல."