பானி கா காம்

சண்முகம் வெல்டர். பதினெட்டு வருஷமாக வெல்டர். ஹேடோ துறைமுகத்தில் அவன் ஒட்டிய இரும்பு, சுனாமி அன்றைக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஆளை ஒரு லேப்டாப் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது என்றால் வயிறு எரியுமா, எரியாதா?

அலையில் உடைந்த ஜெட்டிகளை, அதாவது படகுத்துறைகளை, கட்ட வந்த மெயின்லேண்ட் கம்பெனிக்கு வெங்கடேஷ் என்று ஒரு இன்ஜினியர். கையோடு ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்திருந்தார். எந்த வேலைக்கு எந்த ஆள், எத்தனை நாள் என்று அதுவே பிரித்துக் கொடுக்குமாம். அதற்கு முதலில் யாருக்கு என்னென்ன தெரியும் என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெயராணி எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டு, அவரவர் வாயில் வந்ததை அப்படியே எழுதிக்கொண்டாள். சண்முகத்தின் பெயருக்கு நேரே ‘வெல்டிங்’. அத்தோடு சரி. அடுத்து நின்ற சந்திரனுக்கோ வெல்டிங், தச்சு வேலை, பம்ப் ரிப்பேர், கடைசியாக ‘பானி கா காம்’, அதாவது தண்ணீர் வேலை. எழுத இடம் போதாமல் காகிதத்தைத் திருப்பினாள்.

சந்திரன் கச்சால் தீவுக்காரன். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் பால் எடுத்த குடும்பம். அலை அவன் அம்மாவையும் தம்பியையும் கொண்டுபோன பிறகுதான் ஹேடோவுக்கு வந்தான். வந்து மூன்று வருஷம் ஆகவில்லை, அதற்குள் எங்கே பார்த்தாலும் சந்திரன், சந்திரன். சண்முகத்தின் பெண்டாட்டி ரெங்கம்மா கூட விடவில்லை. கராச்சர்மாவில் அவர்கள் வீட்டுக் குழாய் ஒழுகியபோது சந்திரன் வந்து பத்தே நிமிஷத்தில் சரி செய்தான். “கை வச்சான் பாருங்க, சொட்டு ஒழுகல! நீங்களும்தான் இருக்கீங்களே” என்றாள். அன்றைக்குச் சண்முகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது ஹேவ்லாக் தீவில் புது ஜெட்டி வேலை. எட்டு மாசத்துக்கு ஒரு ஆளை ஃபோர்மேனாக அனுப்பப் போகிறார்கள். அது தனக்குத்தான் என்று சண்முகம் கராச்சர்மா பஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். கண்டக்டருக்குக்கூடத் தெரியும். ஆனால் சாஃப்ட்வேரை முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது திரையில் ஹேவ்லாக்குக்கு நேரே வந்த பெயர் சந்திரன்.

அந்த வாரம் சந்திரன் லீவில் கச்சால் போயிருந்தான். ஜெயராணி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

“சண்முகண்ணே, ஒரு நிமிஷம். சந்திரண்ணன் ‘பானி கா காம்’னு சொன்னாரே, இதுல ரெண்டு இருக்கு. பிளம்பிங்கா, இல்ல கடலுக்கு அடியில இறங்குற வேலையா? அவருக்கு போன் கெடைக்கல. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாமலா? தன் வீட்டுக் குழாய் தெரியாதா? சந்திரன் ஜெட்டியில் நடந்தால் ஓரத்துக்கே வரமாட்டான், நட்ட நடுவில்தான் நடப்பான் என்பதும் தெரியும்.

“சமுந்தர்தான்” என்றான் சண்முகம். “கச்சால்காரனாச்சே. கடல்லயே பொறந்தவன்.”

ஜெயராணி பட்டனைத் தட்டினாள். ஹேடோவில் தூண்களைப் பார்க்க டைவர்களோடு கீழே இறங்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலை தெரிந்தவன் ஊழியர் பட்டியலிலேயே சந்திரன் ஒருவன்தான் என்று ஆகிவிட்டதால், சாஃப்ட்வேர் அவனை நான்கு மாசத்துக்கு அங்கேயே கட்டிப்போட்டது. ஹேவ்லாக்குக்கு நேரே இருந்த பெயர் மாறியது. சண்முகம்.

அடேயப்பா, ஒரு வார்த்தைதானே! சண்முகம் போகும் வழியில் அரைக்கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு போனான்.

சந்திரன் கப்பலிலிருந்து இறங்கி வந்து பட்டியலைப் பார்த்தான். மறுநாள் மத்தியானம் சண்முகத்தைத் தேடிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் வந்தான்.

“நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் போல, அண்ணே. குழாய் வேலையின்னு நேரா தமிழ்லயே சொல்லியிருக்கணும்.”

“போய் மாத்தச் சொல்லேன்” என்றான் சண்முகம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

“இப்பப் போய்ச் சொன்னா, கடலுக்குப் பயந்து பொய் பேசுறான்னு சார் நெனப்பாரு. வேலையிலயிருந்தே எடுத்துட்டா எங்க போவேன்? திங்கக்கிழமை இறங்கணும். அதுக்குள்ள பழகிக்கிறேன். நீங்க கொஞ்சம் கூட நில்லுங்கண்ணே. உங்களத் தவிர இங்க யாரக் கேப்பேன்?”

சிமெண்ட் வேலைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் ஒன்று அங்கே இருந்தது. சந்திரன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான்.

“எண்ணுங்கண்ணே” என்று சொல்லித் தலையைத் தண்ணீருக்குள் விட்டான்.

சண்முகம் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறில் வெளியே வந்தான். மூச்சு வாங்கியது, உதடு வெளுத்திருந்தது. “அம்மா” என்று வந்ததை வாய்க்குள்ளேயே விழுங்கினான்.

“எவ்வளவுண்ணே?”

“ஆறு.”

“நேத்து மூணு. பரவால்ல. இன்னொரு வாட்டி.”

மறுபடியும் குனிந்தான்.

சண்முகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவி, இந்தத் துணிச்சலும் இவனுக்குத்தானா? இது எந்தக் கட்டத்தில் எழுதப்படும்? தன்னால் இப்படி ஒரு தடவை குனிய முடியுமா? எட்டு என்று எண்ண வாயைத் திறந்தவன் எண்ணவில்லை. சந்திரனின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தான்.

“போதும்டா. போய்த் தலையைத் துவட்டு.”

நேராக ஆபீஸுக்குப் போனான். வெங்கடேஷும் அங்கேதான் இருந்தார். அதுவும் நல்லதாகப் போயிற்று; இரண்டு தடவை சொல்ல அவனால் ஆகாது.

“ஜெயராணி, அது சமுந்தர் இல்ல. குழாய். மாத்து.”

“நீங்கதானண்ணே கடல்னு சொன்னீங்க?”

“அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

வெங்கடேஷ் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஜெயராணி மாற்றிவிட்டு, பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு சண்முகத்தைப் பார்த்தாள். “தட்டினா ஹேவ்லாக் போயிடும், அண்ணே.”

“தட்டு.”

பெயர் மாறியது. வயிறு எரியத்தான் செய்தது, பழையபடியே. பஸ்ஸில் கண்டக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று வேறு இருந்தது. வாசல் வரைக்கும் போனவனை ஜெயராணி கூப்பிட்டாள்.

“உங்க பேருக்கு நேர இன்னும் இடம் இருக்கு, அண்ணே. வேற என்ன வேலை தெரியும்?”

“பொய் சொல்லத் தெரியும்” என்றான் சண்முகம். “அதைப் போடாதே. வெல்டிங்னு மட்டும் இருக்கட்டும்.”