லெயார்கோ விட்டுவிட்டுப் போன வண்டி

நீவெஸ் கொவோனிக்குப் பழைய பந்தயக் கார்களின் பூர்வீகத்தைத் தேடித் தருவதுதான் தொழில். யார் வாங்கினார்கள், யார் மோதினார்கள், யார் பழுது பார்த்தார்கள், எது அசல், எது பிறகு ஒட்டவைத்தது என்றெல்லாம் விசாரித்து எழுதிக் கொடுப்பாள். இத்தாலியில், மோதெனா ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஒன்று நடந்து, நிலைக்காமல் போயிருந்தது. அம்மாவும் போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் பேச்சுத் துணை என்றால் தொலைபேசி ஒன்றுதான். அதில் பேசுகிறவர்களும் பெரும்பாலும் செத்துப்போனவர்களைப் பற்றித்தான் பேசினார்கள்.

அந்த வசந்தத்தில் பொலோன்யாவிலிருந்து வக்கீல் கல்சொலாரி கூப்பிட்டார். அவர் ஒரு ஃபால்கீனி வாங்கப்போகிறார். இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி. அதைச் செய்த பட்டறை கொஞ்ச வருஷமே நடந்து ஐம்பதுகளிலேயே மூடிப்போனது.

"வண்டி தங்கம், சிஞ்ஞோரா கொவோனி. ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு. முதல் சொந்தக்காரர்கிட்டயிருந்து ரிப்பேர் பண்ணினவர்கிட்ட எப்படிப் போச்சுன்னு யாருக்கும் தெரியல. வித்த மாதிரியும் இல்ல, குடுத்த மாதிரியும் இல்ல. நாளைக்கு யாராவது வந்து 'இது எங்க அப்பா வண்டி'ன்னு நின்னா நான் எங்க போவேன்?"

"நீங்களே வக்கீல்தானே?"

"அதனாலதான் பயப்படுறேன்."

நீவெஸ் போய் வண்டியைப் பார்த்தாள். முகப்பு மூடியைத் திறந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு கீழே படுத்தாள். பின்பக்கத் தகடு முழுவதும் ஒரே ஆள் கையால் தட்டி வளைத்தது. மூக்குப் பகுதி மட்டும் வேறு கை. தகடு ஒரு மயிரிழை கூடுதல் தடிமன், பற்றவைத்த தடம் உள்பக்கமும் இழைக்கப்பட்டிருந்தது. யாரும் பார்க்காத இடத்தைக்கூட இழைத்து வைக்கிற பழக்கம் அந்த வட்டாரத்தில் ஆமோஸ் ரெஜ்ஜானிக்கு மட்டும்தான் இருந்தது. அவர் கை பட்ட வண்டிகளை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். ஆமோஸ் செத்துப் பல வருஷமாகிவிட்டது. அவர் மனைவி டொரீனா ஃபொர்மீஜினேயில் இருக்கிறாள் என்று விசாரித்ததில் தெரிந்தது.

டொரீனாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. உதட்டுச் சாயம் போட்டுக்கொண்டு, காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, கதவைத் திறந்தாள். நெற்றியில் ஒரு பழைய தழும்பு.

"ஃபால்கீனியா?" என்று காப்பியை ஊற்றிக் கொடுத்தபடி சிரித்தாள். "அது எங்க வீட்டு வண்டிதான். ஆமோஸ் வண்டின்னு சொல்லல, பாத்துக்கோங்க. அதுக்கு முன்னால இருந்த வீட்டு வண்டி. நான் அதோட முதல் சொந்தக்காரர் லெயார்கோ பொனச்சீனியோட பொண்டாட்டியா இருந்தவ."

நீவெஸுக்கு இது தெரியாது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

டொரீனா சுற்றி வளைக்காமல் சொன்னாள். லெயார்கோ சஸ்ஸுவோலோவில் ஓடு செய்யும் தொழிற்சாலைக்காரர் மகன். மலைச்சாலைப் பந்தயங்களில் ஓட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தயம் ஒன்றும் இல்லை, சும்மா இருவரும் அபெத்தோனே மலையிலிருந்து இறங்கி வரும்போது வளைவில் வண்டி சறுக்கி ஒரு வாதுமை மரத்தில் முட்டியது.

"எனக்கு நெத்தி கிழிஞ்சு ரத்தம் கண்ணுல எறங்குது. அவரு கதவத் திறந்தாரு. எறங்கினாரு. நேரா வண்டிக்கு முன்னால போய் மூக்கப் பாத்தாரு. அப்புறம்தான் என் பக்கம் வந்தாரு. அவ்வளவுதான் சிஞ்ஞோரா. அவரு என்ன அடிச்சதில்ல, ஒரு வார்த்த திட்டினதில்ல. ஆனா அந்த நாலு அடி இருக்கு பாருங்க, முன்னால நடந்து போனது... அத என்னால மறக்க முடியல. வண்டிய இழுத்துட்டுப் போக ஆமோஸ் வந்தாரு. வந்ததும் வண்டியப் பாக்கல. 'தலைக்கு என்னம்மா ஆச்சு?'ன்னு கேட்டாரு."

வண்டி ஆமோஸின் பட்டறையில் ஒரு வருஷம் கிடந்தது. டொரீனா அது எப்படி வருகிறது என்று பார்க்கப் போனாள். பிறகு வண்டிக்காக இல்லாமலும் போனாள்.

"அப்புறம் வண்டி எப்படி ஆமோஸ் பேருக்கு மாறிச்சு?"

"அதெல்லாம் அவங்க ரெண்டு பேருக்குள்ள. நான் கேக்கல. லெயார்கோ உயிரோட இருந்தா கேட்டுப் பாருங்க. மலைக்கு மேல ஃபனானோ பக்கம் எங்கயோ போய்ட்டதா சொன்னாங்க."

அவர் உயிரோடுதான் இருந்தார். ஃபனானோவுக்கும் மேலே, சாலை முடிகிற இடத்தில் ஒரு கல்வீடு. நீவெஸ் போனபோது, வாசலில் நின்று விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். உயரமான மனிதர், சட்டைக் காலர் வரை பொத்தான் போட்டிருந்தார்.

"யாரும்மா? ஓட்டுக் கேக்க வந்திருந்தா, போன தடவ ஓட்டு வாங்கினவனே இன்னும் சாலையப் போடல."

"ஃபால்கீனியப் பத்தி விசாரிக்க வந்தேன்."

அவர் கையிலிருந்த விறகைப் போடவும் இல்லை, அடுக்கவும் இல்லை. பிறகு, "சாப்ட்டுட்டுப் பேசலாம். ஒருத்தனுக்கு ஆக்கினாலும் ரெண்டு பேருக்கு வருது. இத்தன வருஷத்துல அந்த அளவு மட்டும் எனக்குப் பிடிபடல" என்றார்.

சோளக்களியும் காளான் குழம்பும். அவர் மேசையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. இன்னொன்றை உள்ளறையிலிருந்து தூசி தட்டி எடுத்து வந்தார். நீவெஸ் தான் கேட்டதைச் சொன்னாள். மரத்தில் முட்டியது, மூக்கைப் பார்க்கப் போனது, எல்லாம். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பாதியில் தோன்றியது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மூக்கப் பாக்கப் போனேன்னா சொன்னா?"

"ஆமா."

"பெட்ரோல் வாசன வந்துச்சும்மா. அந்த வண்டில குழாய் முன்பக்கம்தான் ஓடுது. அவ காலு உள்ள மாட்டிக்கிச்சு. இழுத்தா உடனே வராது. அதுக்குள்ள தீப்பிடிச்சா? அதான் ஓடிப்போய்ப் பாத்தேன். ஒழுகுது, ஆனா பொறி இல்ல. திரும்பி வந்து அவள இழுத்தேன்."

"அவங்ககிட்ட சொல்லலையா?"

"அவ கேக்கல. கேக்காதவகிட்டப் போய் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். கேப்பா, கேப்பான்னு இருந்தேன். ஒருநாள் வண்டி தயார்னு ஆள் வந்துச்சு. பஸ் ஏறிப் போனேன். பட்டறைச் சுவத்துல சுத்தியல், அரம், எல்லாம் வரிசையா மாட்டியிருக்கு. கடைசி ஆணில டொரீனாவோட மேல்கோட்டு. அதுக்குன்னே அடிச்ச ஆணி. ஆமோஸ் ஒண்ணும் பேசல, பாவம், அவருக்கு முகமே செத்துப்போச்சு. சாவிய மேசமேல வச்சேன். 'நல்லா பண்ணியிருக்கீங்க'ன்னு சொன்னேன். மறுபடி பஸ் ஏறிட்டேன். பிறகு அவரு ஒரு காகிதம் அனுப்பினாரு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அது இப்ப எங்க இருக்கோ."

"திருப்பிக் கேக்கணும்னு தோணலையா?"

"எத?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

கிளம்பும்போது, தான் மனசார விட்டுக்கொடுத்த வண்டி அது, தனக்குப் பிள்ளைகள் கிடையாது என்று வக்கீலுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டார். காருக்கு அருகில் வந்து நின்றார். "அவளப் பாத்தா பெட்ரோல் விஷயத்த சொல்லுங்க" என்றார். உடனே, "வேணாம், விடுங்க" என்றார். நீவெஸ் வண்டியைத் திருப்பியபோது சன்னலைத் தட்டினார். "சொல்லிடுங்கம்மா."

அடுத்த வாரம் நீவெஸ் ஃபொர்மீஜினேவுக்குப் போனாள். டொரீனா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நீவெஸ் சொல்லி முடிக்கும்வரை ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பெட்ரோல் வாசன எனக்கும்தானே வந்துச்சு? நான் அந்த வண்டிக்குள்ளதான இருந்தேன்? அவரு எதுக்குப் போறாருன்னு எனக்குத் தெரியாதா?" உறையைக் கயிற்றில் போட்டுக் கிளிப்பு மாட்டினாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டிச்சு. ஏன்னு சொல்ல வாயில்ல. நல்ல மனுஷன் சிஞ்ஞோரா, அதான் கஷ்டமே. நல்ல மனுஷன விட்டுட்டு வர என்ன காரணம் சொல்றது? இது கெடைச்சுது. எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன், பாதிக்கு மேல."

கீழே தெருவில் ஒரு பஸ் நின்று போயிற்று.

"அவர்கிட்ட இதச் சொல்லிடாதீங்க. நான் புரியாமத்தான் போய்ட்டேன்னே அவரு நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். அதயாவது அவருக்கு விட்டு வைங்க."

நீவெஸ் வீட்டுக்கு வந்து வண்டியின் பூர்வீகத்தை எழுதி முடித்தாள். முகப்பு ஆமோஸ் ரெஜ்ஜானி கையால் புதிதாகச் செய்தது, மற்றதெல்லாம் அசல், உரிமை மாறியது அன்பளிப்பாக. கல்சொலாரிக்குப் பரம திருப்தி. "ஓட்டைய அடைச்சுட்டீங்க!" என்று போனில் கத்தினார். அந்த வாரமே வண்டியை வாங்கிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் கேட்டது.

"லெயார்கோ பேசுறேன். ஊருக்குள்ள மதுக்கடையிலேருந்து. சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

நீவெஸ் சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தாள். இருபது வருஷமாக அவள் எழுதித் தந்த எதிலும் நடக்காத ஒன்றைச் சேர்த்ததில்லை.

"முதல்ல ஒண்ணும் சொல்லல. அப்புறம் அழுதாங்க. 'எனக்குத் தெரியாமப் போச்சே'ன்னாங்க."

அந்தப் பக்கம் கோப்பைகள் மோதும் சத்தமும், யாரோ சீட்டாட்டத்தில் தோற்று ஏசுவதும் கேட்டன.

"சரி" என்றார் லெயார்கோ. குரல் தெளிந்திருந்தது. "சரிம்மா. அவ தப்பு இல்ல. நான்தான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்." பிறகு, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றார்.

அம்மா போன பிறகு அவளை அப்படி யாரும் கேட்டதில்லை.

"சாப்ட்டேன்" என்றாள் நீவெஸ்.

அவர் வைத்த பிறகும் ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு எழுந்து போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.