பதிமூன்றாவது குழி

"மூலையில விட்டுட்ட," என்றாள் ஐசில்டா, கட்டிலில் கிடந்தபடியே.

முற்றத்தில் லர்லீன் துடைப்பத்தை நிறுத்தினாள். அம்மாவுக்குப் பார்வை போய் நான்கு மாதமாகிறது. ஜன்னல் வழியாக வரும் சத்தத்தை வைத்தே எந்த இடம் பெருக்கியாயிற்று, எந்த இடம் விட்டுப்போயிற்று என்று சொல்லிவிடுவாள்.

"எந்த மூலை, மம்மா?"

"தண்ணித் தொட்டிப் பக்கம். கண்ணுதான் போச்சு, காது சாகலை." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள். "அந்தப் படிச்ச பொண்ணு போயிட்டாளா?"

"கூடாரத்தைப் பிரிச்சிட்டிருக்காங்க."

"ஒண்ணும் கிடைக்கலையே?"

"இல்ல மம்மா."

ஐசில்டா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. "பன்னெண்டு குழி! பன்னெண்டு குழி தோண்டியும் ஐசில்டா முற்றத்துல ஒரு குப்பை கிடைக்கலை. எங்கம்மா இருந்திருந்தா சர்ச்சுல எழுந்து நின்னு சொல்லியிருப்பா."

ஒன்றும் கிடைக்காததுதான் ஆபத்து என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று வாரமாக லர்லீனுக்குத் தெரியவில்லை.

கரும்புத் தோட்டம் மூடிய பிறகு மலைச்சரிவு முழுவதையும் ஹோட்டல் கட்டுகிறவர்கள் வாங்கியிருந்தார்கள். உங்கள் தாத்தா எழுபது வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து குடிசை போட்டவர், காலி செய்யுங்கள் என்றார்கள். அடிமைக் காலத்திலிருந்தே நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்றாள் ஐசில்டா. எழுத்தில் எதுவும் இல்லை. தோட்டத்துரையின் பழைய புத்தகத்தில் மாடுகளுக்குக்கூடப் பெயர் இருந்தது. அடிமைகளுக்கு இருந்தது ஒரு எண்ணிக்கை மட்டும். மண்ணில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க அரசாங்கம் தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து ஆள் அனுப்பியது. உடைந்த தட்டு, பித்தான், மீன்முள் எது கிடைத்தாலும் போதும், இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று எழுதலாம் என்றாள் குழுவின் தலைவி மிஸ் டவாரெஸ்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள், டவுன்காரர்கள் வருகிறார்கள் என்று ஐசில்டா முற்றத்தை மூன்று தடவை பெருக்க வைத்தாள்.

பன்னிரண்டு குழியிலும் வெறும் கெட்டி மண். 'யாரும் வாழ்ந்த அடையாளம் இல்லை' என்று அறிக்கை எழுதப்போகிறார்கள். அதன் பிறகு வீடு கிடையாது. முற்றத்துச் சீமைப்பலா மரத்தடியில் ஐசில்டாவின் தாய்க்கும் புருஷனுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு விட்டு வைத்திருந்த இடமும் கிடையாது. இடம் யாருடையது என்று முடிவாகும்வரை அங்கே யாரையும் புதைக்கக் கூடாது என்று ஏற்கெனவே காகிதம் வந்திருந்தது.

"டவுன் கல்லறையில போட்டே," என்று அம்மா தினமும் சொல்லுவாள், "உன்னை ஒரு ராத்திரி தூங்க விடமாட்டேன்."

லர்லீன் தொட்டிப் பக்கம் போய்ப் பெருக்கினாள். சீண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வேண்டுமென்றே நடுவில் ஒரு முழம் விட்டுவிட்டு அந்தப் பக்கம் பெருக்கினாள். காது கொடுத்தாள். சத்தமில்லை. இன்னும் ஒரு முழம் விட்டாள்.

உள்ளே போய்ப் பார்த்தபோது ஐசில்டாவின் தலை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது.

செபடி வந்து சேர்ந்தான். அவன் ஐசில்டாவின் அண்ணன் மகன். ஊரில் யார் செத்தாலும் குழி வெட்டுகிறவன். அத்தையின் கண்ணை மூடினான், சாவு வீட்டு வழக்கப்படி சுவர்க் கண்ணாடியைத் துணியால் மூடினான், நாற்காலியில் உட்கார்ந்து அழுதான்.

"எங்க வெட்டட்டும்?" என்று கேட்டான்.

லர்லீன் வெளியே வந்தாள். காலையில் பெருக்கிய குப்பை அப்படியே குவிந்திருந்தது. கையில் வேறு வேலை இல்லாததால் அதை அள்ளிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடைப்பள்ளத்தில் கொட்டினாள். திரும்பினால் மிஸ் டவாரெஸ் நின்றிருந்தாள்.

"கேள்விப்பட்டேன், மிஸ் லர்லீன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு." பிறகு பள்ளத்தைப் பார்த்தாள். "குப்பையை எப்பவும் இங்கதான் கொட்டுவீங்களா?"

"ஆமா."

"உங்கம்மா?"

"அவங்களும். அவங்கம்மாவும். முற்றத்துல குப்பை இருந்தா பாம்பு வரும், பேய் வரும்பாங்க. தினம் விடிஞ்சா பெருக்கணும்."

மிஸ் டவாரெஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் பிரித்த கூடாரங்களைத் திரும்பவும் கட்டினார்கள். பள்ளத்துச் சரிவில் மேலே பிளாஸ்டிக் மூடிகள். அதன் கீழே சோடா பாட்டில். அதன் கீழே நீலக்கரை போட்ட தட்டுச் சில்லு, புகைபிடிக்கும் களிமண் சுங்கான் துண்டு, எலும்புப் பித்தான். எல்லாவற்றுக்கும் அடியில் கையால் வனைந்த பானை ஓடு, அதில் யாரோ ஒருத்தியின் விரல் பதிந்த குழி. இருநூறு வருஷம் என்றாள் மிஸ் டவாரெஸ். அவள் கண் கலங்கியிருந்தது.

"நாங்க தப்பான இடத்துல தேடினோம், மிஸ் லர்லீன். முற்றத்துல ஒண்ணும் இல்லாததே பெருக்கினதாலதான். அவ்வளவு கெட்டித் தரை தானா வந்ததுன்னு நினைச்சோம். இத்தனை பொம்பளைங்க தினம் மிதிச்சு, பெருக்கி உண்டாக்கின தரை அது. இனி உங்களை யாரும் இங்கருந்து கிளப்ப முடியாது."

"அப்ப மம்மாவை இங்க புதைக்கலாம்," என்றாள் லர்லீன்.

மிஸ் டவாரெஸ் பானை ஓட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை. லர்லீன் செபடியிடம் போய் மரத்தடியைக் காட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை செபடி வழக்கப்படி மண்ணில் ரம் தெளித்து, தானும் ஒரு வாய் குடித்து, வெட்ட ஆரம்பித்தான். உடலை வைத்திருந்த டவுன் பிணவறையிலிருந்து சவப்பெட்டி கிளம்பிவிட்டது என்று போன் வந்தது. இடுப்பளவு ஆழம் போயிருந்தான். அப்போது மிஸ் டவாரெஸ் ஓடி வந்தாள்.

"நிறுத்துங்க! அய்யோ, நிறுத்துங்க!"

குழியின் பக்கச் சுவரில் மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது, காகிதக் கத்தை மாதிரி, விரல் கனம்கூட இல்லாத மெல்லிய அடுக்குகள். மிஸ் டவாரெஸ் முழங்காலிட்டு அதைத் தொட்டாள்.

"இதுல ஒவ்வொரு அடுக்கும் பெருக்கிப் பெருக்கி உண்டான தரை. நேத்துதான் அரசாங்க உத்தரவு வந்தது. முற்றம் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட இடம். மண்வெட்டி படக் கூடாது."

"இது எங்க இடம்னீங்களே," என்றாள் லர்லீன்.

"உங்க இடம்தான். நீங்க இருக்கலாம். தோண்டத்தான் கூடாது. என் கையில இல்லைம்மா. சட்டம்."

செபடி குழிக்குள்ளிருந்தே நிமிர்ந்து பார்த்தான். "ஒண்ணும் கிடைக்காதவரைக்கும் நீ பன்னெண்டு குழி தோண்டின. கிடைச்சதும் எங்க அத்தைக்கு ஒரு குழி கிடையாதா?"

"நான் கேட்டுப் பார்த்தேன்..."

"பள்ளத்தைக் காட்டினது யாரு? இவ. இவ சொன்னதாலதான் நீ பெரிய ஆளாயிட்ட."

"செபடி, மேல வா," என்றாள் லர்லீன்.

வண்டி வந்து நின்றது. பெட்டி உள்ளேயே இருந்தது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தவில்லை. மிஸ் டவாரெஸின் ஆட்கள் குழியைச் சுற்றி நூல் கட்டினார்கள். ஒருவன் கறுப்பும் வெள்ளையுமான அளவுகோலை உள்ளே நீளவாக்கில் வைத்துப் படம் எடுத்தான். ஒரு சின்னப் பலகையில் '13' என்று எழுதிச் செருகினான்.

ஐசில்டாவை டவுன் கல்லறையில், சாராயக்கடைச் சுவரை ஒட்டிய வரிசையில் வைத்தார்கள். பாதிரியார் பெயரை ஐரிஸ் என்று படித்தார், பிறகு திருத்திக்கொண்டார். பக்கத்துக் கல்லறைமேல் காலி ஜூஸ் டப்பாக்கள் கிடந்தன. லர்லீன் ஒன்றை எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வீடு திரும்பியதும் மிஸ் டவாரெஸ் தயங்கித் தயங்கி வந்தாள்.

"இன்னொண்ணு, மிஸ் லர்லீன். கொஞ்ச நாளைக்கு வெளியே பெருக்காம இருக்க முடியுமா? மேலடுக்கு தேஞ்சு போகுது."

"சரி, மிஸ்."

துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு முற்றத்தில் கோழி எலும்பும் காகிதத் தட்டும் சீமைப்பலா இலைகளும் கிடந்தன. லர்லீன் உள்ளே போய் அம்மாவின் அறையைப் பெருக்கினாள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், மூலை விடாமல் பெருக்கினாள். மாத்திரை உறையும் தூசும் நீண்ட நரைமுடி ஒன்றும் சேர்ந்தன. வாசல்படி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

துடைப்பம் அங்கே நின்றது. குவியல் படிமேலேயே இருந்தது.