பின்பக்கமாக எட்டு அடி

"கையைத் தூக்கும்மா" என்றாள் உடைகளைக் கவனிக்கும் பெர்னிஸ். ஹெஸ்டர் தூக்கினாள். அப்பாவின் கட்டம் போட்ட கோட்டு அவள் தோளில் ஏறியது. புகையிலை வாசமும் வியர்வையும் அதில் அப்படியே இருந்தன.

மதியம் பன்னிரண்டரை மணிக்கு அடக்கம். வாடகைக்கு எடுத்த படப்பிடிப்புக் கூடமோ பன்னிரண்டு மணிக்கு வேறொரு கம்பெனிக்குப் போய்விடும். ஆறே நாளில் முடிக்க வேண்டிய படம். ஐந்தாம் நாள் சாப்பாட்டு வேளையில் அவள் அப்பா ஆல்வின் பிரெண்டருக்கு மாரடைப்பு வந்து எல்லாம் முடிந்துபோனது. மிச்சம் ஒரே ஒரு காட்சி. அப்பா நடித்த பயந்தாங்கொள்ளித் துப்பறிவாளர் இருட்டு அறைக்குள் பின்பக்கமாகவே நடந்து வந்து, தெரியாமல் பிணத்தின் மடியில் உட்கார வேண்டும். முதுகு மட்டும் தெரிந்தால் போதும். அப்பாவின் உயரமும் ஒடுங்கிய தோளும் ஹெஸ்டருக்கு உண்டு.

இயக்குநர் கார்மோடி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்று கேட்டபோது அவள் உடனே சரி என்றாள். படத்துக்காக அல்ல. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவளைக் கண்டாலே தடுக்கி விழுந்து காட்டுவார்கள். இப்போது அவள் வேலை செய்யும் வங்கியில் கூட, "உங்கப்பா நெஜமாவே அப்படித்தானா?" என்று கேட்பார்கள். அவளுக்கும் பதில் தெரியாது. அப்பா வெறும் கோமாளிதானா என்பது, அவரை மண்ணுக்குள் இறக்குவதற்கு முன் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதல் தடவை ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டாள். இரண்டாம் தடவை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"ஃபிலிம் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு" என்றார் கார்மோடி.

"அப்பா எத்தனை தடவை எடுத்துக்குவாரு?"

"ஒரே தடவைதான்."

"திரும்பியே பாக்காமலா? எப்படி?"

"அவரை வெச்சுப் பதினோரு படம் எடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

"எனக்குத் தெரியும்" என்றது பிணம். முகம் முழுக்க வெள்ளைப் பவுடரோடு நாற்காலியில் சாய்ந்திருந்த லுண்ட். பதினோரு படத்திலும் அவர்தான் பிணம்.

"நான் மூக்கால லேசா மூச்சு விடுவேன், மைக்குல விழாத அளவுக்கு. அதைக் கேட்டுக்கிட்டே வருவாரு. காலையில எல்லாருக்கும் முன்னால வந்து, இந்த நாற்காலிங்களுக்கு நடுவுல நாப்பது தடவை நடப்பாரு. வெளிய சொல்லாதேன்னுவாரு. பாடுபடறது தெரிஞ்சா ஜனங்களுக்குச் சிரிப்பு வராதாம்." லுண்ட் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க காலால தேடறீங்க. காதால தேடுங்க."

விளக்குகள் எரிந்தன. ஹெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு பின்வாங்கினாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது அடியில் கேட்டது, இடப்பக்கம், நூலிழை மாதிரி. ஒரு நாற்காலி கோட்டின் ஓரத்தை உரசிவிட்டுப் போனது. இன்னொன்று போனது. இத்தனை பெரிய கூடத்தில், இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இத்தனூண்டு சத்தத்தை நம்பி அப்பா நடந்திருக்கிறார். ஊரெல்லாம் தடுக்கி விழுகிறவர் என்று நினைத்த மனிதர் ஒருநாளும் தவறி விழுந்ததில்லை. எவ்வளவு பெரிய ஆள் தன் வீட்டில் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தோள் நடுங்கியது. அதை அவள் நடிக்கவில்லை.

எட்டாவது அடியில் உட்கார்ந்தாள். லுண்டின் மடி.

"கட்" என்று கார்மோடி சொன்ன பிறகுதான் கூடம் சிரித்தது. வாயில் கைக்குட்டையைத் திணித்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு. விளக்குக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உடை மாற்ற நேரமில்லை. படத்தில் வரும் போலீஸ்காரர், சமையல்காரி, போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்த பேய் என்று எல்லோரும் அப்படியே கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். பாதிரியார் இருமுறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டியைத் தூக்க ஆறாவது ஆளாகச் சித்தப்பா முன்னால் வந்தார்.

"நான் பிடிச்சுக்கறேன் சித்தப்பா."

"இந்தக் கோமாளிக் கோட்டோடயா?"

ஹெஸ்டர் கோட்டின் நீளமான கையை இரண்டு மடிப்பு மடித்து மேலே விட்டுக்கொண்டாள். பிறகு, லுண்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பிடியைப் பற்றித் தூக்கினாள்.