சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

வக்கீலம்மா மேடைக்கு மேடை சமத்துவம் பேசுகிறவள். ஆனால் வீட்டில், வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு கூடவே குடியிருக்கும் வேறு மதத்துத் தையல்காரியின் டம்ளரில் மட்டும் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள்.

“சுத்தத்துக்குத்தான்டி. சாதி மதமெல்லாம் நான் பாக்கறதே இல்ல.”

“அப்போ உங்க டம்ளர்ல ஏன்க்கா பொட்டு இல்ல?”

வக்கீலம்மா தன் டம்ளரை அலமாரியில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நகப்பூச்சை எடுத்து அலமாரியிலிருந்த அத்தனை டம்ளருக்கும் பொட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள், கூட்டத்துக்குக் கிளம்பிய வக்கீலம்மா தண்ணீர் குடிக்க வந்து திகைத்தாள்.

“இதுல உன்னோடது எதுடி?”

“எல்லாமே சுத்தமாத்தான் கழுவியிருக்கேன். குடிங்கக்கா.”

வக்கீலம்மா ஒன்றையும் தொடவில்லை. சமத்துவம் பேசப்போகிற வாய், குழாயடியில் குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீர் குடித்தது.